காலையிலேயே குடியா?: ஹண்டிங்டன் நோய்க்காக எழுந்த ஒரு சங்கத்தின் கதை

1968-ல் ஒரு நாள், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில். லியோனோர் வெக்ஸ்லர் என்ற பெண்மணி ஜூரி வேலைக்காக நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, உயிரியல் படித்தவர், இரண்டு பெண்களுக்குத் தாய். சாலையைக் கடக்கும்போது ஒரு போலீஸ்காரர் அவரைப் பார்த்துக் கடிந்துகொண்டார். இவ்வளவு காலையிலேயே குடித்துவிட்டு வருகிறாயே, வெட்கமாக இல்லையா என்கிற மாதிரி.

லியோனோர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. தன் நடை தள்ளாடுகிறது என்பதே அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஆனால் அது என்ன தள்ளாட்டம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா அதில்தான் செத்தார். அண்ணன் தம்பி மூன்று பேரும் அதே வழியில் போனவர்கள்.

இதே தப்பு இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும். 1950-களின் தொடக்கத்தில் வெனிசுவேலாவில் மராக்காய்போ நகரத்துச் சேரி ஒன்றுக்கு வேலைக்கு வந்த அமெரிக்கோ நெக்ரெட்டே என்ற இளம் டாக்டர், தெருவில் ஆடி ஆடி நடப்பவர்களைப் பார்த்து, ஊரே இப்படிக் குடிக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தார். அமெரிக்க நாட்டார் பாடகர் வூடி கத்ரியை வருடக்கணக்கில் குடிநோயாளி என்றார்கள். அப்புறம் மனச்சிதைவு என்றார்கள். 1952-ல்தான் சரியான பெயர் சொன்னார்கள்: ஹண்டிங்டன் கொரியா.

கொரியா என்றால் நாடு இல்லை. நடனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கையும் காலும் முகமும் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டு ஆடுவதால் அந்தப் பெயர். வெளியே தெரிவது ஆட்டம்தான். உள்ளே நடப்பது இன்னும் மோசம். மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். கோபம், சோர்வு, மறதி, பிறகு பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை. பெரும்பாலும் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் ஆரம்பித்து, பதினைந்து இருபது வருடங்களில் ஆளை முடித்துவிடும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருகிற வாய்ப்பு சரிபாதி. காசைச் சுண்டிப் போடுவதுதான். அண்ணனுக்கு வந்துவிட்டது, அதனால் தம்பிக்கு வராது என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. வயதில்தான் குரூரம். நோய் தலைகாட்டும்போது பெரும்பாலானவர்கள் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் ஓரளவு வளர்ந்திருக்கும்.

இந்த நோய்க்காக எழுந்த ஒரு தொண்டு அமைப்பின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நியூயார்க்கில் 1967-ல் தொடங்கி, பெயர் மாறி, கிளை விட்டு, ஒரு கிளை பிரிந்து போய், இன்று ஹண்டிங்டன்ஸ் டிசீஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில் இயங்குகிற சங்கம். இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான நோய்ச் சங்கங்களின் வரலாறு பணம் திரட்டியதைப் பற்றியது. இந்தச் சங்கத்தின் முதல் வேலை ஒளிந்திருந்தவர்களை வெளியே வரவைப்பது. பிற்பாடு விஞ்ஞானத்தில் கிடைத்த வெற்றிக்கும் அதுதான் அடித்தளம் என்பது என் கட்சி.

ஏன் ஒளிந்திருந்தார்கள்

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஈஸ்ட் ஹாம்ப்டன் என்று ஒரு ஊர். ஜார்ஜ் ஹண்டிங்டனின் தாத்தாவும் அப்பாவும் அங்கே டாக்டர்கள். சிறுவனாக இருந்தபோது அப்பாவின் குதிரை வண்டியில் போகையில், உயரமாய் ஒல்லியாய் ஒரு அம்மாவும் மகளும் உடம்பை முறுக்கி முகத்தைக் கோணிக்கொண்டு எதிரே வந்ததைப் பார்த்ததாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1872-ல், வெறும் 22 வயதில், மூன்று தலைமுறையின் நோயாளிக் குறிப்புகளையும் வைத்து அவர் எழுதிய சின்னக் கட்டுரைதான் நோய்க்கு அவர் பெயரை வாங்கிக் கொடுத்தது. அதிலேயே ஒரு விஷயம் சொல்கிறார். அந்தக் குடும்பத்தார் நோயின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், ‘அந்த வியாதி’ என்றுதான் சொல்வார்கள்.

வெனிசுவேலாவிலும் அதேதான். அங்கே அதற்கு ‘எல் மால்’ என்று பேர். ‘அந்தக் கேடு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

நோய்க்குப் பேர் கிடைத்தது நல்லதுக்குத்தான் ஆகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. இனத்தூய்மை பேசியவர்கள் கையில் அது சிக்கியது. 1916-ல் சார்லஸ் டாவன்போர்ட் என்ற அமெரிக்க மரபியலாளர் இந்தக் குடும்பங்களைப் பற்றி விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டு, இவர்கள் பிள்ளை பெறுவதைத் தடுக்க வேண்டும் என்று வாதாடினார். 1930-களில் இன்னொருவர், சூனியக்காரிகள் என்று அந்தக் காலத்தில் தண்டிக்கப்பட்டவர்களின் வம்சம்தான் இவர்கள் என்று எழுதினார். அது பொய் என்று பிற்பாடு நிரூபணமாயிற்று, ஆனால் பாடப்புத்தகம்வரை பரவிய பிறகு. 1933-ல் நாஜி ஜெர்மனி கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் பட்டியலில் ஹண்டிங்டனும் இருந்தது.

இப்படி ஒரு சூழ்நிலையில் யார் வெளியே வந்து, எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்வார்கள்? பெண் கொடுக்கிற, எடுக்கிற வீடுகளில் பரம்பரை வியாதிப் பேச்சு வந்தால் என்ன ஆகும் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நோயாளியை மாடியறையில் வைத்துப் பூட்டினார்கள், மனநல விடுதியில் விட்டார்கள், பிள்ளைகளிடம் வேறு காரணம் சொன்னார்கள். வூடி கத்ரியின் அம்மா நோரா 1920-களின் கடைசியில் ஓக்லஹோமாவில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு அங்கேயே இறந்தார். லியோனோர் வெக்ஸ்லரும் தன் பெண்களிடம் ஒன்றும் சொல்லாமலேதான் இருந்தார்.

மார்ஜரி

வூடி கத்ரி பெரும் பாடகர். பஞ்ச காலத்தில் ஊர் ஊராக அலைந்து, கூலிக்காரர்களின் பாட்டைப் பாடியவர். அவருடைய இரண்டாவது மனைவி மார்ஜரி, மார்த்தா கிரஹாம் குழுவில் ஆடிய நடனக் கலைஞர். புரூக்ளினில் சொந்தமாக நடனப் பள்ளி வைத்திருந்தார். நோய் முற்றிய வூடியின் கோபமும் அலைச்சலும் தாங்க முடியாமல் 1953-ல் விவாகரத்து ஆயிற்று. வூடி மூன்றாவது கல்யாணமும் செய்துகொண்டார், அதுவும் நிலைக்கவில்லை.

விவாகரத்து ஆனவுடன் கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. வூடி 1956-லிருந்து நியூஜெர்சியில் கிரேஸ்டோன் மருத்துவமனையில், பிறகு புரூக்ளினில், கடைசியில் குவீன்ஸில் கிரீட்மூர் மருத்துவமனையில் இருந்தார். பத்து வருடத்துக்கு மேல். அத்தனை காலமும் மார்ஜரி போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாரக் கடைசியில் வீட்டுக்குக் கூட்டி வருவார். பேச்சு போன பிறகு இரண்டு அட்டைகள் செய்தார். ஒன்றில் ‘ஆமாம்’, ஒன்றில் ‘இல்லை’. கேள்வி கேட்டால் வூடி ஆடுகிற கையை வீசி ஏதாவது ஒரு அட்டையைத் தட்டுவார். கையும் கேட்காமல் போனபோது கண்ணிமைதான் பதில் சொன்னது.

நடனம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்த பெண்மணிக்கு, உடம்பு தன் பேச்சைக் கேட்பதென்றால் என்ன, கேட்காமல் போவதென்றால் என்ன என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இது என் ஊகம்தான்.

1967 அக்டோபர் 3-ஆம் தேதி வூடி இறந்தார். வயது 55. கிரீட்மூரில் இந்த நோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் விட்டியர் என்ற டாக்டரின் ஊக்கமும் இருந்ததால், மார்ஜரி அந்த வருடமே வேலையில் இறங்கினார். செய்தது ரொம்ப எளிய காரியம். நியூயார்க் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்தார். விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள் பதில் எழுதின. அவர்களை உட்காரவைத்துத் தொடங்கியதுதான் ‘ஹண்டிங்டன் நோயை எதிர்த்துப் போராடும் குழு’.

அந்தச் சில குடும்பங்களுக்கு அன்றுவரை தங்களைப் போல இன்னொரு குடும்பம் இருப்பதே தெரியாது. ஒரு நோய் ஒரு லட்சத்தில் பத்துப் பேருக்கு வருவது என்றால், ஒரு சாதாரண டாக்டர் தன் ஆயுளில் ஒன்றிரண்டு பேரைப் பார்த்தால் அதிகம். அந்த ஒன்றிரண்டு பேரையும் குடி, பைத்தியம், நரம்புத்தளர்ச்சி என்று ஏதாவது எழுதி அனுப்பியிருப்பார். ஆகவே எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அரசாங்கத்துக்கும் தெரியாது. எண்ணிக்கை இல்லாத நோய்க்கு நிதி ஒதுக்கீடும் கிடையாது, மருந்துக் கம்பெனியும் திரும்பிப் பார்க்காது.

மார்ஜரி நடனப் பள்ளியை விட்டுவிட்டு இதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டார். ஊர் ஊராகப் போய்க் கிளைகள் தொடங்கினார். மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் பேசினார். வூடியின் பெயர் இருந்ததால் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், அதை அவர் கூச்சமில்லாமல் பயன்படுத்திக்கொண்டார். நல்லவேளை என்று சொல்வேன். 1971-ல் இங்கிலாந்திலும் இதே மாதிரி ஒரு சங்கம் தொடங்கியது. கனடா, ஆஸ்திரேலியா என்று அப்புறம் வரிசையாக.

அவருடைய சொந்தப் பிள்ளைகள் ஆர்லோ, ஜோடி, நோரா மூன்று பேரும் அந்தச் சரிபாதிக் கணக்குக்குள் இருந்தவர்கள்தான். வூடியின் முதல் மனைவிக்குப் பிறந்த இரண்டு பெண்களும் 1970-களில் இந்த நோயில் இறந்தார்கள், இருவரும் 41 வயதில். தன் வீட்டுக் கதவை எப்போது தட்டும் என்று தெரியாமலே அந்த அம்மா ஊருக்கெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்.

மில்டன்

இனி வெக்ஸ்லர் குடும்பத்துக்குத் திரும்புவோம். லியோனோரும் கணவர் மில்டனும் அப்போது பிரிந்திருந்தார்கள். மில்டன் லாஸ் ஏஞ்சலஸில் பெயர் பெற்ற மனப்பகுப்பாய்வாளர். ஹாலிவுட் நடிகர்களும் கலைஞர்களும் அவரிடம் வருவார்கள். லியோனோருக்கு நோய் உறுதியானதும் 1968 ஆகஸ்டில் பெண்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். ஆலிஸுக்கு 26, நான்சிக்கு 23. அம்மாவுக்கு வந்திருப்பது இது, உங்களுக்கு வருகிற வாய்ப்பு ஐம்பதுக்கு ஐம்பது. இருவரும் பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள்.

மில்டன் மார்ஜரியைத் தேடிப் போனார். கலிபோர்னியாக் கிளையைத் தொடங்கினார். ஆனால் இரண்டு பேருக்கும் அணுகுமுறை வேறு. மார்ஜரிக்குக் குடும்பங்கள் முதலில்: அவர்களைக் கண்டுபிடி, பேசவை, டாக்டருக்குச் சொல்லிக்கொடு, நல்ல பராமரிப்பு கிடைக்க வழி செய். ஆராய்ச்சியும் வேண்டும்தான், ஆனால் அது பட்டியலில் ஒன்று. மில்டனுக்கு ஆராய்ச்சி மட்டும்தான். அதுவும் நோயாளியைச் சுற்றிய ஆராய்ச்சி இல்லை, அடிப்படை உயிரியல். பெண்கள் இருவருக்கும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பிலேயே ஓடிய மனிதர். 1974-ல் கிளை தனியாகப் பிரிந்து மரபுவழி நோய் அறக்கட்டளை ஆயிற்று.

இந்தப் பிரிவை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்வார்கள். விஞ்ஞானம் எழுதுகிறவர்கள் மில்டன் பக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

மில்டன் செய்த புதுமை ஒன்று உண்டு. நோயைப் பற்றி ஒன்றும் தெரியாத இளம் விஞ்ஞானிகளை ஒரு அறையில் உட்காரவைப்பார். ஸ்லைடு கூடாது, எழுதி வைத்த உரை கூடாது. மனதில் தோன்றுவதைப் பேசலாம், அபத்தமாக இருந்தாலும் பரவாயில்லை. தன் மனநல சிகிச்சைக் குழுக்களில் கற்ற வித்தையை ஆராய்ச்சிக் கூட்டத்தில் பிரயோகித்தார். கூட்டத்துக்கு முன்னால் ஒரு நோயாளி வந்து உட்காருவார், பேசுவார். பிறகு மாலையில் ஹாலிவுட் நட்சத்திரங்கள் வருகிற விருந்து. விஞ்ஞானிகளும் மனிதர்கள்தானே!

இரண்டு முகாம்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தது 1976-க்குப் பிறகு. மார்ஜரியின் ஓயாத நடைக்குப் பலனாக அமெரிக்க நாடாளுமன்றம் ஹண்டிங்டன் நோய்க்கென ஒரு ஆணையம் அமைத்தது. மார்ஜரி தலைவர், மில்டன் துணைத்தலைவர், உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியிருந்த நான்சி நிர்வாக இயக்குநர். ஆணையம் நாடு முழுக்கப் போய்க் குடும்பங்களைப் பேசச் சொன்னது. முதியோர் இல்லம் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது, வேலை போய்விட்டது, இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை, டாக்டருக்கே நோயின் பெயர் தெரியவில்லை. தலைமுறையாகப் பூட்டி வைத்த பேச்சு அரசாங்கப் பதிவேட்டில் ஏறியது. 1977-ல் பல தொகுதிகளாக அறிக்கை வந்தது. அதன் பரிந்துரைகளில் ஒன்று: வெனிசுவேலாவுக்குப் போங்கள்.

மராக்காய்போ ஏரிக்கரை

நெக்ரெட்டே 1955-லேயே எழுதிவிட்டார். ஸ்பானிஷ் மொழியில் எழுதியதை யார் படித்தார்கள்? 1972-ல், ஹண்டிங்டனின் கட்டுரை வந்து நூறாண்டு ஆனதையொட்டி ஓஹையோவில் நடந்த மாநாட்டில் வெனிசுவேலா டாக்டர் ஒருவர் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் கண் திறந்தது. ஏரிக்கரையில் ஊர் ஊராக நோயாளிகள். மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா ஆடுகிறாள், பக்கத்தில் பாட்டியும் ஆடுகிறாள்.

நான்சி 1979-ல் முதல் தடவை போனார். 1981 முதல் ஏறக்குறைய வருடாவருடம் ஒரு படையே போயிற்று. ஏரித் தண்ணீரில் மரக்கால் நட்டுக் கட்டிய வீடுகள், தகரக் கூரை, படகில்தான் போக வேண்டும். யார் யாருக்குப் பிள்ளை, யார் யாருக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வாய்மொழியாகக் கேட்டு வம்சப் படம் வரைந்தார்கள். எல்லாக் கோடும் மேலே போய்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மரியா கான்செப்சியோன் என்ற ஒரே பெண்ணிடம் முடிந்தது. காலப்போக்கில் அந்தப் படத்தில் 18,000 பேருக்கு மேல் ஏறினார்கள். சுமார் 4,000 பேர் ரத்தம் கொடுத்தார்கள்.

ரத்தம் சும்மா கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவிலிருந்து யாரோ வந்து ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறார்கள், எதற்கு? உங்களுக்கு நோய் இல்லையே, எங்களிடம் மட்டும் ஏன் எடுக்கிறீர்கள்? அங்கேதான் நான்சியின் கையில் இருந்த ஒரு தழும்பு வேலை செய்தது. முன்பு ஆராய்ச்சிக்காகத் தோல் துணுக்கு கொடுத்தபோது வந்த சின்னத் தழும்பு. கூட வந்த அர்ஜென்டினா நர்ஸ் ஃபிதெலா கோமெஸ் நான்சியின் கையைப் பிடித்துத் தூக்கிக்காட்டி, பாருங்கள், இவளுக்கும் அடையாளம் இருக்கிறது, இவள் அம்மாவுக்கும் இதே வியாதி என்று கூட்டத்தைச் சுற்றிவந்தாராம். லியோனோர் அதற்குள் இறந்திருந்தார், 1978-ல், அன்னையர் தினத்தன்று. வெனிசுவேலாக்காரர்கள் சட்டையைச் சுருட்டினார்கள்.

மில்டனின் விஞ்ஞானத்துக்கு மார்ஜரியின் முறை தேவைப்பட்டது என்று நான் சொல்வது இதைத்தான். எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று ஒருவர் முதலில் சொன்னால்தான் மற்றவர் வாய் திறக்கிறார். நியூயார்க் பத்திரிகை விளம்பரமும் ஏரிக்கரைத் தழும்பும் செய்தது ஒரே வேலை.

ஆராய்ச்சியின் நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரபணு எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் மாறுகிற சில இடங்கள் உண்டு. அப்படி ஒரு இடம் நோயோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது என்றால், நோய் மரபணு அதன் பக்கத்து வீட்டில்தான் இருக்க வேண்டும். திருடன் தெரியாவிட்டாலும் தெரு தெரிகிறது, அவ்வளவுதான். இந்த யோசனையை ஹண்டிங்டனில் செய்துபார்க்கலாம் என்ற பேச்சு 1979-ல் வெக்ஸ்லர் அறக்கட்டளை கூட்டிய ஒரு கூட்டத்தில்தான் சூடுபிடித்தது. பல்லாண்டுகள் ஆகும் என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள். பாஸ்டனில் ஜிம் கசெல்லா சோதித்த முதல் டஜன் அடையாளங்களுக்குள்ளேயே ஒன்று மாட்டிக்கொண்டது. ‘ஜி8’ என்று பேர். நான்காவது குரோமோசோம். முதலில் அயோவாக் குடும்பம் ஒன்றில் லேசாகத் தெரிந்தது, வெனிசுவேலா ரத்தத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதியானது. 1983 நவம்பரில் கட்டுரை வெளிவந்தது. லாட்டரியில் விழுந்த மாதிரிதான்.

மார்ஜரி அதைப் பார்க்கவில்லை. அதே வருடம் மார்ச் 13-ஆம் தேதி புற்றுநோயில் போய்விட்டார்.

தெரு தெரிந்த பிறகு வீட்டைக் கண்டுபிடிக்கப் பத்து வருடம் ஆயிற்று. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆறு ஆய்வுக்கூடங்கள், போட்டியாளர்கள், எல்லோரையும் ஒரே கூட்டாக வேலை செய்யவைத்தது அந்த அறக்கட்டளை. 1993 மார்ச்சில் வந்த கட்டுரையில் ஆசிரியர் இடத்தில் தனி ஆள் பெயர் இல்லை, கூட்டின் பெயர்தான். ஆட்கள் 58 பேர். விஞ்ஞான உலகில் யார் பெயர் முதலில் என்பதற்கு நடக்கிற சண்டை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நோய்க்கு மூலகாரணம் ஒரு வகைத் திக்கல். சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து டி.என்.ஏ. துண்டு மரபணுவில் திரும்பத் திரும்ப வருகிறது. 26 தடவைவரை இருந்தால் பயமில்லை. 40-ஐத் தொட்டால் நோய் வந்தே தீரும். இடையில் உள்ளவை மங்கலான எல்லை.

தெரிந்துகொள்ளலாமா

இங்கேதான் சங்கம் எதிர்பாராத ஒரு முட்டுச்சந்தில் வந்து நின்றது. மருந்து வருவதற்கு முன்னால் ஜோசியம் வந்துவிட்டது.

ஜி8-ஐ வைத்து 1986-லிருந்தும், மரபணு கிடைத்த பிறகு இன்னும் துல்லியமாகவும், நோய் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. வந்தால் தடுக்க ஒன்றும் இல்லை. பரிசோதனை வருவதற்கு முன் கேட்டபோது, நிச்சயம் செய்துகொள்வோம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். வந்த பிறகு செய்துகொண்டவர்கள் சிறுபான்மை. மில்டனே ஆரம்பத்தில் பெண்கள் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தவர். ஆலிஸும் நான்சியும் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். பரிசோதனை வருவதற்காகப் பாதி வாழ்க்கையைக் கொடுத்த நான்சி!

இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கதவு இருக்க வேண்டும், திறப்பதா வேண்டாமா என்பது உள்ளே இருப்பவர் இஷ்டம். நோயாளிச் சங்கங்களும் நரம்பியலாளர்களும் சேர்ந்து 1994-ல் வகுத்த நெறிமுறையும் இதைத்தான் சொல்லிற்று: யாரையும் வற்புறுத்தக் கூடாது, குழந்தைகளுக்குச் செய்யக் கூடாது, முன்னாலும் பின்னாலும் ஆலோசனை இருக்க வேண்டும். பிற்பாடு வேறு எத்தனையோ பரம்பரை நோய்களுக்கான பரிசோதனைக்கு இது முன்மாதிரியாயிற்று. பரிசோதனை முடிவைக் காட்டி வேலையை விட்டு எடுக்கவும் மருத்துவக் காப்பீட்டை மறுக்கவும் தடைவிதிக்கிற சட்டம் அமெரிக்காவில் 2008-ல் வந்தது. ஆயுள் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. அந்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது.

2020 மார்ச்சில் நான்சி தனக்கும் நோய் வந்திருப்பதைப் பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது வயது 74. தெரிந்தவர்கள் பல வருடங்களாகவே அந்த நடையைக் கவனித்துவந்தார்கள், அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

கடன் பாக்கி

தாய்ச் சங்கம் என்ன ஆயிற்று? மார்ஜரி போன பிறகு கொஞ்ச காலம் பெயர் மாற்றங்களும் இணைப்புகளுமாகப் போயிற்று. 1980-களின் நடுவிலிருந்து இன்றைய பெயர். மரபணு வேட்டைபோலச் செய்தியில் வருகிற வேலை இல்லை இவர்களுடையது. ஊருக்கு ஊர் குடும்பக் கூட்டங்கள், உதவிக்குச் சமூகப் பணியாளர், நரம்பு டாக்டரும் மனநல டாக்டரும் பேச்சுப் பயிற்சியாளரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பார்க்கிற சிறப்பு மையங்கள். 1999-ல் தொடங்கிய அந்த மையங்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டன. விழுங்க முடியாதவருக்கு என்ன சாப்பாடு, எத்தனை கெட்டியாக. படுக்கையிலிருந்து விழாமல் எப்படிப் பார்ப்பது. பத்து வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் நோயை எப்படிச் சொல்வது. அமெரிக்காவில் நோய் தெரிந்து வாழ்பவர்கள் சுமார் 41,000 பேர் என்றும், வரக்கூடிய நிலையில் இருப்பவர்கள் 2,00,000-க்கு மேல் என்றும் சங்கம் சொல்கிறது. அந்த எண்ணைச் சொல்ல முடிகிறது என்பதே 1967-ஐ நினைத்தால் சாதனைதான்.

மருந்து விஷயத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. டெட்ராபெனசின் 2008-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது ஆட்டத்தைக் குறைக்கும், நோயை நிறுத்தாது. பெரிதும் நம்பிய மரபணு மருந்து ஒன்றின் சோதனை 2021 மார்ச்சில் பாதியில் நின்றபோது பல வீடுகளில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. 2025 செப்டம்பரில், மூளைக்குள் நேரடியாகச் செலுத்துகிற மரபணு சிகிச்சை ஒன்று நோயின் ஓட்டத்தை நன்றாகவே மெதுவாக்கியதாக அறிவிப்பு வந்தது. பார்த்தது மிகச் சிலரிடம்தான். ஆகவே நானும் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இந்தக் கணக்கில் எனக்கு நெருடுவது வெனிசுவேலா. உலகத்துக்கே மரபணுவைக் கொடுத்த ரத்தம் அவர்களுடையது. அறக்கட்டளை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மருந்து, துணிமணி கொண்டுபோனார்கள், 1999-ல் மராக்காய்போவில் நோயாளிகளுக்கென ஒரு இல்லமும் திறந்தார்கள். ஆனால் 2000-களின் தொடக்கத்தில் அரசியல் மாறி ஆய்வுக்குழு போவது நின்றது. அப்புறம் பொருளாதாரமே சரிந்து, இல்லமும் மூடப்பட்டது. ஏரிக்கரைக்காரர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள், இன்னும் ஏழையாக. 2017 மே மாதம் போப் பிரான்சிஸ் வாடிகனில் ஹண்டிங்டன் குடும்பங்களைச் சந்தித்தபோது வெனிசுவேலாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ‘இனி ஒளிவு மறைவு இல்லை’ என்பதுதான் அந்தக் கூட்டத்தின் கோஷம். விளம்பரம் கொடுத்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது.

சங்கம் செய்கிற சின்ன வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. காவல்துறைக்கென்று ஒரு பயிற்சிக் கையேடு தயாரித்திருக்கிறார்கள்: தள்ளாடுகிறவர், நாக்குக் குழறுகிறவர், கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாதவர் எல்லோரும் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள், மெதுவாகப் பேசுங்கள். நோயாளிகளுக்கு ஒரு அட்டையும் உண்டு. பர்ஸில் அடங்குகிற அளவு. எனக்கு ஹண்டிங்டன் நோய், என் நடையும் பேச்சும் இப்படி இருப்பதற்கு அதுதான் காரணம் என்று அதில் அச்சடித்திருக்கும். யாராவது நிறுத்திக் கேட்டால், ஆடுகிற கையால் அதை எடுத்து நீட்டினால் போதும்.